மூன்றாம் தாளுக்குத் தள்ளப்பட்ட வடிவியல்

கறுப்பினப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து என்ன ஆகப்போகிறது, அதை அவன் எங்கே பயன்படுத்தப் போகிறான் என்ற பொருளில் 1950களில் தென்னாப்பிரிக்காவில் ஒருவர் கேட்டார். திண்ணையில் உட்கார்ந்து பொழுதுபோக்கப் பேசியவர் அல்ல அவர். அமைச்சர் ஹெண்ட்ரிக் ஃபெர்வூர்ட். 1953இல் வந்த பாண்டு கல்விச் சட்டம் அவருடைய கைவேலை. பின்னாளில் அவர் அந்த நாட்டின் பிரதமரும் ஆனார். நாங்கள் சேரியில் நடத்தும் மாலை வகுப்பில் இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையும் ஆச்சரியப்படுவதில்லை. "எங்க ஊர்லயும் கேப்பாங்க" என்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கு ஒரு நாடு பதில் சொல்ல முயன்ற கதையைத்தான் இங்கே எழுதுகிறோம். நாடு முழுவதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பள்ளி இறுதிச் சான்றிதழ் என்று கொண்டுவந்தார்கள். அந்தப் பாடத்தை நடத்த வேண்டிய ஆசிரியரைப் பற்றி எவ்வளவு யோசித்தார்கள் என்பதில்தான் கதையே இருக்கிறது.

நிறவெறி ஆட்சி என்றால் வெள்ளை, கறுப்பு என்று இரண்டே தட்டு என நம்மில் பலர் நினைக்கிறோம். 1975-76இல் அரசு ஒரு மாணவருக்குச் செலவிட்ட தொகையைப் பாருங்கள். வெள்ளையருக்கு 644 ரேண்ட், இந்தியருக்கு 189, 'கலர்டு' என்று வகைப்படுத்தப்பட்டவருக்கு 139, கறுப்பினத்தவருக்கு 42. கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள் இதில் இரண்டாவது படியில் இருந்தார்கள். மேலே இருப்பவன் மிதிக்கிறான், கீழே இருப்பவனைப் பார்த்து நாம் ஆறுதல் அடைகிறோம். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இந்த நான்கு எண்களே போதும். 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ பிள்ளைகள் தெருவுக்கு வந்தபோது, அவர்களை உந்தியது கணக்கையும் சமூகவியலையும் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் படிக்கச் சொன்ன உத்தரவு.

நிறவெறியின் கடைசி ஆண்டுகளில் அங்கே 19 கல்வித் துறைகள் இருந்தன. இனத்துக்கு ஒன்று, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய 'தாயகம்' ஒவ்வொன்றுக்கும் ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஒரே நாட்டில் 'மெட்ரிக்' தேறிய இருவரின் சான்றிதழ்களுக்கு ஒரே மதிப்புக் கிடையாது. 1994இல் மண்டேலா அரசு வந்ததும் அத்தனை துறைகளையும் ஒன்றாக்கியது. அதுவே பெரிய சாதனை, குறைத்துச் சொல்ல மாட்டோம்.

1997இல் 'பாடத்திட்டம் 2005' அறிவிக்கப்பட்டு, 1998இல் முதல் வகுப்பில் தொடங்கியது. மனப்பாடம் ஒழிக, விளைவுதான் முக்கியம், ஆசிரியர் வழிகாட்டி மட்டுமே என்பது அதன் கொள்கை. காகிதத்தில் படித்தால் நமக்கே கைதட்டத் தோன்றும். ஆனால் 66 'குறிப்பிட்ட விளைவுகள்', அவற்றுக்கு மேல் வேறு விளைவுகள், அளவீட்டுக் கூற்றுகள், செயல்திறன் குறியீடுகள் என்று சொற்கள் அடுக்கடுக்காக வந்தன. பயிற்சியையும் அடுக்கடுக்காகவே கொடுத்தார்கள். தலைநகரில் சிலருக்கு, அவர்கள் மாகாணத்தில் சிலருக்கு, அவர்கள் மாவட்டத்துக்கு. கடைசியில் கிராமத்து ஆசிரியைக்குக் கிடைத்தது சில நாள் பட்டறை. மேலே ஊற்றிய தண்ணீர் கடைமடைக்கு வருவதற்குள் என்ன ஆகும் என்று நம் விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

பாண்டு கல்வியில் படித்து, பாண்டு கல்வியின் பயிற்சிக் கல்லூரியில் பட்டயம் வாங்கி, அறுபது எழுபது பிள்ளைகளை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியை அவர். அவரிடம் பாடநூலை நம்பாதே, நீயே பாடப்பொருளை உருவாக்கு என்றார்கள். நூலகமும் நகலெடுக்கும் இயந்திரமும் உள்ள முன்னாள் வெள்ளையர் பள்ளிக்கு அது சுதந்திரம். இவருக்கு வெறும் கை. இது தோற்கும் என்று ஜொனாதன் ஜான்சன் என்ற கல்வியாளர் தொடக்கத்திலேயே எழுதினார். 2000இல் லிண்டா சிஸ்ஹோம் தலைமையிலான மறுஆய்வுக் குழுவும் குழப்பமான மொழி, போதாத பயிற்சி, பற்றாத புத்தகங்கள் என்று அறிக்கை தந்தது. இதே காலத்தில்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளை மூடினார்கள், மிஞ்சியவற்றைப் பல்கலைக்கழகங்களோடு சேர்த்தார்கள். தரம் மோசம் என்பது உண்மைதான். ஆனால் கிராமத்துப் பெண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை அவைதான்.

பிறகு வந்தது தேசிய மேல்நிலைச் சான்றிதழ். 2006இல் பத்தாம் வகுப்பில் தொடங்கி, 2008இல் முதல் தேர்வு. பழைய முறையில் ஒரே பாடத்தை 'உயர்நிலை', 'சாதாரண நிலை' என்று பிரித்திருந்தார்கள். அது ஒழிந்தது. ஒவ்வொரு மாணவரும் கணிதமோ கணித எழுத்தறிவோ கட்டாயம் படிக்க வேண்டும் என்றானது. ஃபெர்வூர்ட் கேட்ட கேள்விக்குச் சட்டப்படியான பதில் இதுதான். கணித எழுத்தறிவு என்பது வட்டி, வரி, வரைபடம், அளவை என்று அன்றாடக் கணக்கு. அதை நடத்த ஆள் இல்லாததால் வேறு பாட ஆசிரியர்களைப் பல்கலைக்கழகச் சான்றிதழ் வகுப்புகளில் சேர்த்துத் தயார் செய்தார்கள்.

கணிதத்தில் நடந்ததுதான் எங்களை உறுத்துகிறது. யூக்ளிட் வடிவியல் தேற்றங்களை நடத்தப் போதிய ஆசிரியர்கள் இல்லை. அவர்களை உருவாக்கும் வரை என்ன செய்வது? தேற்றங்களை எடுத்து 'மூன்றாம் தாள்' என்று தனியாக வைத்து, விரும்பினால் எழுதலாம் என்றார்கள். விரும்பியது யார்? பெரும்பாலும் வசதியான பள்ளிகள்தான். ஒழித்துவிட்டதாகச் சொன்ன உயர்நிலை இன்னொரு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆசிரியரைத் தயார் செய்யாமல் விட்டுவிட்டு, பாடத்தை மட்டும் இரக்கத்தோடு குறைப்பதை நாம் எப்போதும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கும் என்று நமக்காகக் கவலைப்படுபவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கவலையைப் படுவதில்லை.

2008இல் மொத்தத் தேர்ச்சி 62.5 விழுக்காடு. கணிதம் எழுதியவர் சுமார் 3 லட்சம் பேர். அதில் 30 மதிப்பெண்ணைத் தொட்டவர்கள் பாதிகூட இல்லை.

2012இல் மறுபடியும் பாடத்திட்டம் மாறியது. இந்த முறை ஆசிரியருக்கு வாரவாரியாக என்ன நடத்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள், பாடநூலுக்கும் மரியாதை திரும்பியது. ஆனால் லிம்போபோ மாகாணத்தில் பள்ளி திறந்து மாதக்கணக்கில் ஆகியும் அந்தப் புதிய புத்தகங்கள் வரவில்லை. செக்‌ஷன்27 என்ற அமைப்பு வழக்குப் போட்டது. 2012 மே 17 அன்று நீதிபதி ஜோடி கொல்லப்பன் தீர்ப்பளித்தார். இந்திய வம்சாவளியில் வந்தவர் அவர். அந்த 189 ரேண்ட் படியைச் சேர்ந்தவர் என்றும் சொல்லலாம். புத்தகம் தராதது அடிப்படைக் கல்வி உரிமையை மீறுவதாகும் என்பது தீர்ப்பு. அதற்குப் பிறகும் கெடு மேல் கெடு தவறியது. மாணவர்களுக்குப் போக வேண்டிய புத்தகங்கள் குப்பையில் கொட்டிக் கிடந்தன.

புதிய பாடத்திட்டம் பன்னிரண்டாம் வகுப்பை எட்டியது 2014இல். மூன்றாம் தாள் ஒழிந்து, வடிவியல் எல்லோருக்குமான இரண்டாம் தாளுக்குத் திரும்பியது. 2008இல் மூன்றாம் தாள் எழுதாமல் பள்ளி முடித்து, நான்காண்டு கல்வியியல் பட்டம் பெற்ற ஒரு கணித ஆசிரியை அதற்குள் வேலைக்கு வந்திருப்பார். தன் பள்ளி இறுதியில் ஒரு தேற்றம்கூடப் படித்திராத அவர்தான் இப்போது சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகையில் வட்டம் போட வேண்டும்.