இனிப்பறியா விலங்கும் இனிப்பு நோயும்

நோய்க்கு மக்கள் இட்ட பெயரிலேயே அந்நோயைப் பற்றிய முதல் ஆராய்ச்சி அடங்கிக் கிடப்பதுண்டு. 'நீரிழிவு' என்னும் தமிழ்ச் சொல் அதற்கு நல்ல சான்று. உடலிலுள்ள நீர் ஓயாது இழிந்து போதல் என்பது அதன் பொருள். கிரேக்கர் வழங்கிய 'டயாபிடிஸ்' என்னும் பெயரும் ஊடே ஓடிச் செல்லுதல் என்னும் கருத்தையே தருகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் கப்படோசிய நாட்டு மருத்துவர் அரெட்டியஸ், தசையும் உறுப்பும் உருகிச் சிறுநீராய் வெளியேறும் நோய் என்று இதனை வருணித்தார். சரகர், சுசுருதர் பெயர்களால் வழங்கும் வடமொழி மருத்துவ நூல்களோ, அந்நீர் தேனை ஒத்தது என்பதையும் எறும்புகள் அதனை நாடி வரும் என்பதையும் குறித்தன. மதுமேகம் என்ற பெயர் அவ்வாறு பிறந்தது. ஒரு பெயர் நீரைக் கண்டது. மற்றொரு பெயர் இனிப்பைக் கண்டது.

இந்நோய் மனிதருக்கு மட்டும் உரியதன்று. வீட்டுப் பூனைக்கும் இது வருகிறது. தணியாத தாகம், மிகுந்த சிறுநீர், பெரும்பசி, உண்டும் மெலிதல் ஆகிய குறிகள் மனிதரிடத்துப் போலவே பூனையிடத்தும் தோன்றுகின்றன. நோய் முற்றினால் பின்னங்கால்களின் நரம்பு தளர்ந்து, பூனை குதிகால் தரையில் படும்படி நடக்கும்.

உரியவர் உள்ள பூனையாயின் அவர் மருத்துவம் செய்வார். உரியவர் இல்லாத பூனையின் நிலை என்ன? இலண்டன் மாநகரில் 1860இல் கைவிடப்பட்ட நாய்களுக்காகத் தோன்றி, பின்னர் பேட்டர்சியில் நிலைகொண்ட காப்பகம் 1883 முதல் பூனைகளையும் ஏற்றது. அதன் பின் உலகின் பல நகரங்களில் விலங்குக் காப்பகங்கள் எழுந்தன. காப்பகத்தில் இடம் போதாதபோது, புதிய உரியவர் கிடைக்கும் வரை ஒரு குடும்பத்தார் பூனையைத் தம் வீட்டில் ஏற்று வளர்ப்பது வழக்கமாயிற்று. அத்தகைய பூனைக்கு நீரிழிவு கண்டால், நாளைக்கு இருமுறை ஊசி போட வேண்டிய விலங்கை விரும்பிக் கேட்பார் அரிதாகிவிடுகின்றனர். அதனால் நோயின் பெயரே பூனையின் முடிவாகவும் அமைந்துவிடலாம். இன்று அம்முடிவைப் பல வேளைகளில் மாற்ற முடிகிறது. அதற்கு உதவுவன உணவும் அளவும் ஆகும். அவ்விரண்டும் மருத்துவத்தில் இடம்பெற்ற வரலாறு அறியத்தக்கது.

உணவே மருந்தாய் இருந்த காலம்

நீரிழிவுற்றோரின் சிறுநீர் தேனைப் போல் இனிப்பதை இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் 17ஆம் நூற்றாண்டில் சுவைத்தறிந்து எழுதினார். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மத்தேயு டாப்சன் அந்நீரை வற்றக் காய்ச்சி, எஞ்சிய பொருள் சர்க்கரையே என்று காட்டினார். நோயாளியின் குருதி நீரிலும் இனிப்பு உண்டு என்பதையும் அவர் கண்டார். நோய் சிறுநீரகத்தோடு நிற்பதன்று, உடல் முழுவதையும் பற்றியது என்ற எண்ணத்துக்கு இது வழிகோலிற்று.

சர்க்கரை உணவிலிருந்து வருவதாயின் உணவை மாற்றினால் என்ன? இவ்வினாவை முறையாக எழுப்பியவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் மருத்துவர் ஜான் ரோலோ. மெரிடித் என்னும் படைத்தலைவருக்கு அவர் தானிய உணவை விலக்கி, இறைச்சியும் கொழுப்பும் மிகுந்த உணவை விதித்தார். சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. 1797இல் அவர் இதனை நூலாக வெளியிட்டார்.

பாரிசில் அப்போலினேர் பூஷார்டா இன்னும் ஓரடி முன்னே சென்றார். 1870-71இல் பிரஷ்யப் படைகள் பாரிசை முற்றுகையிட்டபோது ஊரில் உணவுப் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது தம் நோயாளிகள் சிலருடைய சிறுநீரில் சர்க்கரை மறைந்ததை அவர் கவனித்தார். குறைவாக உண்ணுதல், உடலுழைப்பு, மாவு நீக்கிய ரொட்டி ஆகியவற்றை விதித்ததோடு, நாள்தோறும் சிறுநீரைச் சோதித்துப் பார்க்குமாறும் நோயாளிகளிடம் கூறினார். உணவையும் அளவையும் இணைத்த முன்னோடிகளுள் அவரைத் தலைமையாக வைத்து எண்ணுவது பொருந்தும்.

இவ்வழியின் எல்லையும் விரைவில் தெரிந்தது. அமெரிக்காவில் பிரெடரிக் ஆலன் 1910களில் நோயாளிகளைக் கடும் பட்டினியில் வைத்து அவர்தம் வாழ்நாளை நீட்டினார். அமெரிக்க வெளியுறவு அமைச்சராய் இருந்த சார்ல்ஸ் இவான்ஸ் ஹியூஸின் மகள் எலிசபெத்துக்கு 1919இல், 11 வயதில், நோய் கண்டது. ஆலனின் முறையில் வாழ்ந்த அச்சிறுமி 1922இல் ஏறத்தாழ 45 இராத்தல் எடையே உடைய எலும்புருவானாள். உணவுக் கட்டுப்பாடு சாவைத் தள்ளிப்போட்டது, நோயை வெல்லவில்லை.

டொராண்டோவில் விடிந்த விடியல்

1889இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்ற, அதற்கு நீரிழிவு உண்டாயிற்று. நோயின் இருப்பிடம் கணையம் என்பது தெளிவாயிற்று. 1921 கோடையில் கனடா நாட்டு டொராண்டோவில் பேண்டிங்கும் பெஸ்டும் நாய்களிடத்துச் செய்த சோதனைகளால் கணையச் சாற்றின் ஆற்றலைக் கண்டனர். 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனார்ட் தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முறை செலுத்தப்பட்டது. தூய்மை போதாமையால் பயன் குறைவாயிருந்தது. காலிப் தூய்மைப்படுத்திய சாறு ஜனவரி 23ஆம் நாள் முதல் செலுத்தப்பட, சிறுவன் தேறினான். எலிசபெத்தும் அதே ஆண்டில் அம்மருந்தைப் பெற்று 1981 வரை வாழ்ந்தார்.

இன்சுலின் என்ற அம்மருந்து நெடுங்காலம் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. மாட்டு இன்சுலினில் அமினோ அமிலங்கள் எவ்வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதைப் பிரெடரிக் சேங்கர் 1955இல் முழுமையாய் அறிந்து கூறினார். பின்னர் மற்ற விலங்குகளின் இன்சுலினும் ஒப்பிடப்பட்டது. மொத்தம் 51 அமினோ அமிலங்களுள், பூனையின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து 4 இடங்களில் வேறுபடுகிறது; மாட்டு இன்சுலினிலிருந்து ஒரே இடத்தில்தான் வேறுபடுகிறது. மனிதருக்காகக் கண்ட மருந்து பூனைக்கும் பொருந்தியதன் காரணம் இவ்வொற்றுமையே.

பூனையின் தனி இயல்பு

மருந்து பொருந்தினாலும் மனிதருக்குரிய உணவு முறை பூனைக்குப் பொருந்தாது. பூனை ஊனையே நம்பி வாழும் விலங்கு. மாவுப் பொருளைச் செரிக்கும் நொதி அதன் உமிழ்நீரில் இல்லை. தன் உடலுக்கு வேண்டிய சர்க்கரையைப் பெரும்பாலும் புரதத்திலிருந்தே அதன் கல்லீரல் ஆக்கிக்கொள்கிறது. இன்னொரு வியப்பும் உண்டு. இனிப்பை உணரும் நாவுறுப்புக்கு வேண்டிய மரபணுக்களுள் ஒன்று பூனையினத்தில் சிதைந்து செயலற்றுள்ளது என்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகர ஆராய்ச்சியாளர் 2005இல் அறிவித்தனர். இனிப்பின் சுவையே அறியாத விலங்குக்கு இனிப்பு நோய் வருகிறது.

எவ்வாறு வருகிறது? பூனைக்கு வரும் நோய் பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. பருத்த உடலில் இன்சுலினின் ஆற்றல் குன்றுகிறது. அதனை ஈடுசெய்ய உழைத்துக் கணையத்தின் அணுக்கள் சோர்கின்றன. நீரிழிவுப் பூனையின் கணையத் திட்டுகளில் படியும் ஒருவகைப் புரதப் படிவத்தின் மூலப்பொருளை 1987இல் வெஸ்டர்மார்க் குழுவினர் கண்டறிந்தனர். இரண்டாம் வகை நீரிழிவுள்ள மனிதரின் கணையத்திலும் அப்படிவமே காணப்படுகிறது.

பூனையின் வாழ்க்கையும் 20ஆம் நூற்றாண்டில் மாறிற்று. 1947இல் அமெரிக்கர் எட்வர்ட் லோ பூனையின் கழிவுக்கெனக் களிமண் துகளை விற்கத் தொடங்கிய பின், பூனையை முழுநேரமும் வீட்டுக்குள் வைத்தல் எளிதாயிற்று. எலி பிடித்துத் திரிந்த விலங்கு திண்ணையில் உறங்கிப் பருத்தது. 1957இல் நாய்களுக்கென வந்த அச்சிட்டுப் பிதுக்கிய உலர் தீனி முறை பின்னர்ப் பூனைத் தீனிக்கும் வந்தது. அத்தீனி உருக்கொண்டு நிற்க மாவுப்பொருள் வேண்டும். மாவு ஒன்றே நோய்க்குக் காரணம் என முடிவு கட்டுதல் பொருந்தாது. உடற்பருமன், உழைப்பின்மை, முதுமை, சில மருந்துகள் ஆகியவையும் காரணங்களாகும். ஆயினும் நோய் கண்ட பூனைக்கு மாவு குறைந்த உணவு நன்மை தருகிறது. 63 நீரிழிவுப் பூனைகளிடத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 16 வாரங்களுக்குப் பின், மாவு மிகக் குறைந்த உணவுண்டவற்றுள் நூற்றுக்கு 68 பூனைகள் ஊசி வேண்டாத நிலையை எய்தின. நடுத்தர அளவு மாவும் மிகுந்த நாரும் உள்ள உணவுண்டவற்றுள் நூற்றுக்கு 41 பூனைகளே அந்நிலையை எய்தின. ரோலோ படைத்தலைவருக்கு விதித்த உணவு, பூனைக்கோ இயற்கை உணவு!

ஆலனின் பட்டினி முறை மட்டும் பூனைக்கு ஆகாது. பருத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால் கல்லீரலில் கொழுப்பு நிறைந்து உயிருக்கே ஊறு நேரும். எடையைக் குறைப்பதாயினும், வாரத்துக்கு உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவில் மெல்லக் குறைத்தல் நன்று.

நாவிலிருந்து காது விளிம்புக்கு

நாவால் சுவைத்த காலம் போய், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் கரைசலிட்டுக் கொதிக்கவைக்கும் முறை வந்தது. 1956இல் சிறுநீரில் தோய்க்கும் தாள்பட்டையும், 1960களில் குருதிக்குரிய பட்டையும், பின்னர்க் கையடக்கக் கருவிகளும் வந்தன. பூனையைப் பொறுத்தவரை சிறுநீர்ச் சோதனை போதாது. ஒரு டெசிலிட்டர் குருதியில் சர்க்கரை ஏறத்தாழ 250 முதல் 300 மில்லிகிராமைத் தாண்டிய பிறகே அது சிறுநீரில் தோன்றுகிறது. மருத்துவமனையில் குருதியெடுத்தாலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. அச்சத்தாலேயே பூனையின் குருதிச் சர்க்கரை உயர்ந்துவிடும். ஆதலால் அது அமைதியாயிருக்கும் வீட்டிலேயே அளத்தல் சிறந்தது. காது விளிம்பில் ஊசி நுனியால் குத்தி ஒரு துளி எடுத்துக் கருவியில் அளக்கும் முறையைச் சூரிச் நகர மருத்துவர்கள் 2000இல் ஆராய்ந்து வெளியிட்டனர். தோலில் ஒட்டிவைத்து இரவும் பகலும் அளக்கும் கருவி 2014இல் ஐரோப்பாவில் மனிதருக்காக வந்தது. பின்னர் அது பூனைகளுக்கும் பயன்பட்டது.

வீட்டில் அளந்ததன் பயன் 2009இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் தெரிந்தது. ரூம்ப், ரேண்ட் ஆகிய இருவர் 55 பூனைகளின் குறிப்புகளை ஆராய்ந்தனர். அவை மாவு குறைந்த உணவும், நீண்டநேரம் செயல்படும் கிளார்ஜின் இன்சுலினும் பெற்றவை. நாளைக்குப் பலமுறை வீட்டில் குருதி அளக்கப்பட்டவை. அவற்றுள் நூற்றுக்கு 64 பூனைகள் ஊசியின்றி வாழும் நிலையை அடைந்தன. நோய் கண்டறிந்த 6 மாதத்துக்குள் இம்முறையைத் தொடங்கியவற்றுள் நூற்றுக்கு 84. காலந்தாழ்த்தித் தொடங்கியவற்றுள் நூற்றுக்கு 35. காப்பகத்துப் பூனைக்கு நாள் கடத்துதல் எத்துணைப் பெரிய இழப்பு என்பதை இவ்வெண்கள் காட்டும்.

உணவும் அளவும் பிரியலாகாது

ஊசி பெறும் பூனைக்கு உணவை மட்டும் மாற்றிவிட்டு மருந்தின் அளவை அப்படியே விட்டுவிட்டால், சர்க்கரை மிகத் தாழ்ந்து தள்ளாட்டமும் வலிப்பும் சாவும் நேரலாம். மாவு குறைய மருந்தின் தேவையும் குறைவதே காரணம். ஆதலின் மருத்துவரைக் கலந்து, அளந்து பார்த்தே உணவை மாற்ற வேண்டும். தாழ்ந்த வேளையில் ஈறுகளில் தேனையோ சர்க்கரைப் பாகையோ தடவி, உடனே மருத்துவரிடம் கொண்டு செல்வர். விலங்கு மருத்துவ இன்சுலினில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்டும், மனித இன்சுலினில் பெரும்பாலும் 100 யூனிட்டும் இருப்பதால், ஊசிக்குழலை மாற்றிப் பயன்படுத்துவதும் பெருந்தீங்கு தரும். மனிதருக்கான சோதனைக் கருவி பூனையின் குருதியில் சர்க்கரையைச் சற்றுக் குறைத்துக் காட்டுவதும் நினைவில் இருத்தற்குரியது.

அண்மையில் வாய்வழி மருந்துகளும் வந்துள்ளன. அமெரிக்க அரசின் மருந்து நிறுவனம் 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிப்ளோசின் மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிப்ளோசின் திரவத்துக்கும் ஒப்புதல் தந்தது. இவை முன்பு இன்சுலின் பெறாத பூனைகளுக்கே உரியவை. இவற்றிலும் குருதியில் நச்சு அமிலம் சேரும் இடர் உள்ளதால் கண்காணிப்பு நீங்கவில்லை.

நோய் ஒடுங்கிய பூனைக்கும் அது மீண்டும் தலைதூக்கலாம். ஆகவே அதே உணவும் இடையிடையே சோதனையும் தொடர வேண்டும். ஏற்று வளர்த்த குடும்பத்தார் புதிய உரியவரிடம் பூனையை ஒப்படைக்கும்போது, உணவின் எடை, மருந்தின் யூனிட், நாளும் நேரமும் குறித்த சர்க்கரை அளவு ஆகியவை எழுதிய ஏட்டையும் உடன் கொடுப்பது நலம். நோயுற்ற விலங்கை ஏற்க அஞ்சுவோருக்கு வாய்ச்சொல்லால் ஊட்டும் துணிவைவிட அவ்வேடு ஊட்டும் துணிவு பெரிது. பூஷார்டா தம் நோயாளிகளிடம் வேண்டிய நாள்தோறும் அளக்கும் பழக்கம், பேசவியலாத ஓர் உயிருக்கு வீடு தேடித் தரும் கருவியாய் இன்று விளங்குகிறது.