அம்புரோஸ் பாரேயும் மூக்கு ஒட்டிய கைகளும்

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் ஹனூர். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை இப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இருந்தது. தெற்கே மலைகளைக் கடந்தால் சத்தியமங்கலம். 1650களில் மைசூர் மன்னர் கண்டீரவ நரசராசரின் படை அந்தச் சத்தியமங்கலம் வழியாகவே திருமலை நாயக்கரின் நாட்டுக்குள் இறங்கியது. அகப்பட்டோரின் மூக்கை மேலுதட்டோடு சேர்த்து அறுத்து, மூட்டைகளாகக் கட்டிச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. பின்னர் மதுரைப் படையும் மைசூர் நாட்டுக்குள் புகுந்து அதையே செய்தது. நம் பாடநூல்கள் இதற்கு மூக்கறுப்புப் போர் என்று பெயரிட்டுவிட்டு அடுத்த அரசருக்கு நகர்ந்துவிடுகின்றன. அறுபட்டவர்களுக்கு அக்கால மருத்துவத்தால் என்ன செய்ய முடிந்தது என்று எவரும் வினவுவதில்லை.

இதே வினாவை, ஏறத்தாழ அதே காலத்து ஐரோப்பாவை நோக்கி எழுப்பினால், முதலில் எதிர்ப்படும் பெயர் அம்புரோஸ் பாரே. பிரான்சில் லவால் நகருக்கு அருகே 1510ஆம் ஆண்டளவில் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலோடு சேர்த்து அறுவைத் தொழிலையும் கற்றவர். அன்றைய பாரிசில் மருத்துவர் வேறு, அறுவையாளர் வேறு. முன்னவர் பல்கலைக்கழகத்தில் இலத்தீன் நூல்களைக் கற்றவர். குருதியில் கை நனைக்கமாட்டார். கட்டியைக் கீறுதல், குருதி வாங்குதல், எலும்பு கூட்டுதல் யாவும் சவரக்கத்தி பிடித்தவரின் வேலை. தமிழ் வாசகருக்கு இது புதிதன்று. நம் ஊர்களிலும் நாவிதச் சமூகத்தாருக்கு மருத்துவர் என்றும், பேறுகாலம் பார்த்த அவ்வீட்டுப் பெண்களுக்கு மருத்துவச்சி என்றும் பெயர் வழங்கியது. பெயரில் இருந்த மதிப்பு நடத்தையில் இருக்கவில்லை.

பாரேயின் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது 1537ஐ ஒட்டிய தூரின் படையெடுப்பில். துப்பாக்கிக் காயத்தில் வெடிமருந்தின் நஞ்சு தங்குகிறது, கொதிக்கும் எண்ணெய் ஊற்றி அதைச் சுட்டெரிக்கவேண்டும் என்பது அக்கால நூல்களின் விதி. காயம்பட்டோர் பலர், எண்ணெய் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி முட்டையின் மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், தர்ப்பெந்தைன் மூன்றையும் குழைத்துப் பூசினார் அந்த இளைஞர். எண்ணெய் படாதவர்கள் நஞ்சேறி இறந்துகிடப்பார்கள் என்ற அச்சத்தில் அன்றிரவு அவருக்கு உறக்கமில்லை. விடியுமுன் எழுந்து சென்று பார்த்தார். குழம்பு பூசப்பட்டவர்கள் வலி குறைந்து உறங்கியிருந்தனர். எண்ணெய் ஊற்றப்பட்டவர்கள் காய்ச்சலிலும் வீக்கத்திலும் துடித்துக்கொண்டிருந்தனர். நூலின் விதி பிழை என்று கண்ணெதிரே தெரிந்தபோது அவர் நூலை விட்டார். 1545இல் துப்பாக்கிக் காயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. அவருக்கு இலத்தீன் தெரியாது. 1552இல், உறுப்பு நீக்கிய இடத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதற்கு மாறாகக் குருதிக்குழாய்களை நூலால் கட்டினார். நான்கு மன்னர்களுக்கு அறுவையாளராக இருந்தார். ஆயினும் 1575இல் அவருடைய நூல்தொகுதி வெளிவந்தபோது பாரிசு மருத்துவப் பீடத்தார் எதிர்த்து நின்றனர். தங்கள் ஒப்புதலின்றி, அதுவும் பேச்சுமொழியில், ஒரு நாவிதர் மருத்துவம் எழுதுவதா என்பதே அவர்களின் சினம்.

அத்தொகுதியில் மூக்கைப் பற்றிய பகுதி நம் வினாவுக்கு நேராக வருகிறது. மூக்கிழந்தவருக்குப் பாரே பரிந்துரைப்பது செயற்கை மூக்கு: பொன்னிலோ வெள்ளியிலோ செய்யலாம், பசையிட்டு ஒட்டிய தாளிலோ துணியிலோ செய்து தோல்நிறம் தீட்டலாம், நாடாவால் தலைக்குப் பின்னே கட்டிக்கொள்ளவேண்டும். இத்தாலியில் கைச்சதையை முகத்தோடு சேர்த்துத் தைத்து மூக்கு உருவாக்குவோரைப் பற்றியும் அவர் அறிவார். அது இயலாத செயலன்று, ஆனால் நோயாளிக்கும் செய்பவருக்கும் பெருந்துன்பம் என்று கருதி அவர் விலகிக்கொண்டார். தூரினில் அவ்வளவு துணிந்தவர் இங்கே தட்டானிடம் அனுப்பிவைக்கிறார்.

பாரே 1590இல் மறைந்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1686இல் பீஜப்பூர் முற்றுகை. மொகலாயப் பாசறையிலிருந்து புல்லறுக்கவும் வைக்கோல் சேர்க்கவும் சென்ற ஏவலர்களைப் பீஜப்பூர்க்காரர்கள் பிடித்து, கொல்லாமல் மூக்கை மட்டும் அறுத்து அனுப்பினர். பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய வெனிசுக்காரர் மனுச்சி இதை எழுதிவைத்திருக்கிறார். இந்நாட்டு அறுவையாளர்கள் புருவத்துக்கு மேல் நெற்றித்தோலைக் கீறி, கீழே மடித்து, ஒரு முறுக்கு முறுக்கிப் பச்சைப் புண்ணோடு பச்சைப் புண் பொருந்துமாறு வைத்து ஒட்டினர் என்கிறார். முறுக்கிய இடத்தில் புருவங்களுக்கு நடுவே சிறு குழி எஞ்சும். அழகிய மூக்கன்று, ஆனால் மூக்கற்ற முகத்தினும் மேல் என்பது அவர் கணிப்பு. அத்தகையோர் பலரைத் தாமே கண்டதாகவும் கூறுகிறார்.

இங்கு நம் அன்பர்கள் சுசுருதரைத் துணைக்கு அழைப்பார்கள். அழைக்கலாம், ஆனால் நூலைப் பார்த்துவிட்டு அழைக்கவேண்டும். சுசுருத சம்கிதை சொல்வது கன்னத்துச் சதையை. மனுச்சி கண்டது நெற்றித்தோலை. நூலுக்கும் நடைமுறைக்கும் இடையில் எவரோ இடத்தை மாற்றியிருக்கிறார். நெற்றித்தோல் தடிப்பானது, குருதியோட்டம் மிக்கது. இன்றைய ஒட்டறுவையும் அதையே பயன்படுத்துகிறது. அம்மாற்றம் ஏட்டுச்சுவடியைப் புரட்டியதால் மட்டும் வந்திருக்க இயலாது. தூரினில் பாரே செய்ததைப் போல, முகங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்ற கைகள் அதைச் செய்தன என்பதே என் துணிபு. இருந்தும் இதைப் பற்றிய நம் கட்டுரைகள் சுசுருதரிலிருந்து நேரே இலண்டனுக்குத் தாவிவிடுகின்றன.

அந்த இலண்டன் கதைக்கும் மைசூரே காரணம். 1792 போரில் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் திப்புவின் வீரர்களிடம் சிக்கினார். மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின் புனே அருகே ஒருவர் அவருக்கு மூக்கு அமைத்தார். மெழுகுத் தகட்டை மூக்களவுக்கு வடித்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டு, தோலை அறுத்துத் திருப்பி ஒட்டினார். தையல் இல்லை, நீரில் குழைத்த காசுக்கட்டியைத் துணித்துண்டில் தடவிப் பதித்தார். நான்கு நாள் கழித்து நெய் தோய்த்த துணி. இருபத்தைந்தாம் நாளளவில் இணைப்புத்தோலை வெட்டிவிட்டார். பம்பாய் ஆங்கில மருத்துவர் இருவர் உடனிருந்து பார்த்தனர். 1794 அக்டோபரில் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதைப் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த கார்ப்பியூ என்ற அறுவையாளர் 1814இல் இலண்டனில் அவ்வாறே செய்து, 1816இல் நூலாக்கினார்.

அவ்விதழில் வண்டிக்காரரின் பெயர் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த ஆங்கிலேயர் இருவரின் பெயர்கள் இருக்கின்றன. கத்தி பிடித்தவரைப் பற்றி உள்ள செய்தி ஒன்றே: அவர் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்தவர்.