வழுவும் வழுவமைதியும்

கணினித் தமிழார் நிரலில் நேரும் குறைபாட்டை 'வழு' என்று வழங்கத் தொடங்கியபோது, இலக்கண வகுப்பில் அச்சொல்லோடு நாள்தோறும் பழகும் நமக்கு மகிழ்ச்சியே உண்டாயிற்று. ஆயினும் எது வழு, எது வழுவன்று எனத் தீர்ப்பது அங்கும் எளிதாக இல்லை. 2010ஆம் ஆண்டில் 'சி' மொழியின் நூலகம் குறித்து எழுந்த வழக்கொன்று இதற்குத் தக்க சான்றாகும்.

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய மொழி 'சி'. அதில் நிரல் எழுதுவோர் அடிக்கடி நேரும் பணிகளைத் தாமே புதிதாக எழுத வேண்டியதில்லை. அவற்றுக்கான செயற்கூறுகள் நியம நூலகம் என்னும் தொகுப்பில் ஆயத்தமாக உள்ளன. அவற்றுள் ஒன்று 'மெம்காப்பி'. நினைவகத்தின் ஓரிடத்தில் உள்ள தரவை மற்றோரிடத்தில் படியெடுப்பது அதன் தொழில். அவ்விரு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பின் விளைவுக்கு உறுதியில்லை என்பது 1989இல் வகுக்கப்பட்ட நியமத்தின் விதி. அத்தகைய இடத்துக்கென்றே 'மெம்மூவ்' என வேறொரு செயற்கூறு உண்டு.

விதியின் காரணத்தை வகுப்பறை பெஞ்சியைக் கொண்டே விளக்கலாம். வரிசையாக அமர்ந்திருக்கும் மாணவர் அனைவரும் ஓரிடம் இடப்புறம் நகர வேண்டும் என்று கொள்வோம். இடக்கோடியில் இருப்பவர் முதலில் நகர்ந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். வலக்கோடியிலிருந்து தொடங்கினால் ஒருவர் மடியில் மற்றவர் அமர நேரும். நினைவகத்தில் மடி இல்லை. முன்பு இருந்தவர் அழிந்துபோவார்.

லினக்ஸ் கணினிகளில் வழங்கும் குனூ சி நூலகத்தில் மெம்காப்பி நெடுங்காலம் பெரும்பாலும் இடக்கோடியிலிருந்தே தொடங்கி வந்தது. எனவே விதியை மீறிய நிரல்களும் பிழையின்றி ஓடின. 2010இல் விரைவு கருதி, புதிய செயலிகளுக்கேற்ற வடிவமொன்றை இன்டெல் நிறுவனப் பொறியாளர் அளித்தார். அது சில வேளைகளில் வலக்கோடியிலிருந்து தொடங்கியது. அவ்வடிவம் ஃபெடோரா 14 பதிப்பில் இடம்பெற்றதும், அடோபியின் ஃபிளாஷ் வழியே கேட்ட இசை சிதைந்து ஒலித்தது. வழு அறிக்கை பதிவாயிற்று.

நூலகத்தார் பக்கத்தின் வாதம் தெளிவானது: விதியை மீறியது ஃபிளாஷ், திருந்த வேண்டியதும் அதுவே. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்விவாதத்தில் இதனை மறுத்தார். நேற்றுவரை கேட்ட இசை இன்று கெட்டதென்றால், குற்றம் யாருடையது என்பது கேட்பவருக்குப் பொருட்டன்று. பயன்படுத்துவோரைக் காப்பதே நூலகத்தின் கடமை என்பது அவர் நிலைப்பாடு. ஒருபால் எழுதிய விதி. மறுபால் நிலைபெற்ற வழக்கு.

தீர்வு 2011இல் வெளியான 2.14 பதிப்பில் வந்தது. முன்னரே உருவான நிரல்கள் மெம்காப்பியை அழைத்தால், 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் மெம்மூவின் பாதுகாப்பான செயலே நடக்கும். புதிதாக உருவாகும் நிரல்களுக்கு விரைவான வடிவம் கிடைக்கும். அவை விதிக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும்.

நம் இலக்கணிகள் இதற்கு வைத்த பெயர் வழுவமைதி. வளர்த்த பசுவை அன்பினால் 'வந்தாள்' என்று உயர்திணையாக்கிச் சொல்வது வழுவே. ஆயினும் காரணம் கருதி அதனை ஏற்றனர். ஏற்றதனால் திணை விதி தளர்ந்துவிடவில்லை. விதி மட்டுமே போதும் என்போர் பேசுவோரை இழப்பர்; வழக்கு மட்டுமே போதும் என்போர் மொழியின் ஒழுங்கை இழப்பர். விடைத்தாள் திருத்தும்போது சிவப்பு மையைக் கையில் வைத்துக்கொண்டு நாமும் இவ்விரண்டுக்கும் நடுவேதான் தயங்கி நிற்கிறோம்.

ஃபிளாஷுக்கு அளித்துவந்த ஆதரவை 2020ஆம் ஆண்டின் இறுதியோடு அடோபி நிறுத்திக்கொண்டது. அதன் பிழையைப் பொறுத்துக்கொள்வதற்காக அமைத்த ஏற்பாடோ நூலகத்தில் இன்றும் இருக்கிறது. பேசியவர் மறைந்த பின்னும் அவர் சொல்லுக்கு அமைதி கூறும் உரையாசிரியரைப் போல.