லயக்காம்பராவின் கதவும் யன்னலும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அறிய, சாசனங்களும் சட்டங்களும் போலவே அது குடியிருந்த வீடுகளும் சான்றாகின்றன. வீட்டின் உறுப்புகளுள் காற்றுக்கும் ஒளிக்கும் வழி வகுப்பன கதவும் யன்னலுமே. அவற்றின் இடத்தைத் தீர்மானித்தவர் யார் என்ற வினா, அவ்வீட்டின் மீது உரிமை பெற்றிருந்தவர் யார் என்ற வினாவுமாகும். கஹவத்தையைச் சூழ்ந்த ஓபாத்தை, வெல்லந்துறை முதலிய சப்பிரகமுவத் தோட்டங்களை நோக்குமிடத்து, இதற்கு லயங்களே விடை பகர்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளருக்காக எழுந்ததே லயம். 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலையும் இறப்பரும் அதன் இடத்தைப் பெற்றன. பயிர் மாறியும் லயத்தின் அமைப்பு மாறவில்லை. ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக அமைந்தன. இவற்றுள் ஒற்றை லயம், இரட்டை லயம் என இரு வகை உண்டு. இரட்டை லயத்தில் காம்பராக்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றன. பின்சுவர் மறுபுறத்துக் குடும்பத்துக்கும் பொதுவானது. பக்கச் சுவர்கள் அயலவருக்கும் பொதுவானவை. எஞ்சியது முன்சுவர் ஒன்றே. கதவும், யன்னல் இருப்பின் அதுவும், அச்சுவரிலேயே அமைய வேண்டியிருந்தது. அதன் முன்னேயும் இஸ்தோப்பின் தாழ்ந்த கூரை வெளிச்சத்தை மறைத்தது. உட்புகுந்த காற்று வெளியேற எதிர்வாயில் இல்லாமையால், அடுப்புப் புகை காம்பராவிலேயே தங்கிற்று.

இக்குறை ஆட்சியாளர் அறியாததொன்றன்று. இங்கிலாந்தில் 1696 முதல் நிலவிய யன்னல் வரி, ஒளியையும் காற்றையும் தடுக்கின்றது என்ற கண்டனத்துக்கு உள்ளாகி 1851இல் நீக்கப்பட்டது. முதுகொட்டிய தொழிலாளர் வீடுகளைப் புதிதாகக் கட்டுவதும் அங்கு 1909ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. இலங்கையிலோ 1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் லயங்களின் சுகாதாரத்தைத் தோட்ட முகாமையின் பொறுப்பாக்கியது. எனினும் எழுந்து நின்ற இரட்டைச் சுவர்கள் அப்படியே நின்றன. அதே தோட்டத்தில் துரையின் பங்களா, அகன்ற விறாந்தையும் நாற்புறமும் யன்னல்களுமாக விளங்கிற்று.

மலைநாட்டுக் குளிரைக் காரணங்காட்டி இவ்வமைப்பை நியாயப்படுத்த முயல்வோர், பெல்மதுளை – எம்பிலிப்பிட்டிய வீதியில் அமைந்த கஹவத்தையை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். வெம்மையும் ஈரமும் மிக்க இத்தாழ்நிலத்துக்குக் குளிர் பொருந்தாத காரணம். ஒரு சுவரை இரு குடும்பங்களுக்குப் பொதுவாக்குவதால் மிஞ்சிய செலவே உண்மைக் காரணம் எனக் கொள்வது பொருத்தமாகும்.

யன்னலைப் பின்னர் வைத்துக்கொள்ளலாமே எனின், அதற்கும் இடமிருக்கவில்லை. காம்பரா தொழிலாளியின் உடைமையன்று. சுவரை உடைக்க முகாமையின் அனுமதி வேண்டும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. உடைமை கைமாறியபோதெல்லாம் குடியிருந்தோர் உரிமையாளராகவில்லை. குடும்பம் பெருகியபோது அவர்கள் இஸ்தோப்பை அடைத்து அறையாக்கினர். அதனால் இருந்த ஒரே யன்னலும் மற்றோர் அறைக்குள்ளேயே திறந்தது.

இன்று கட்டடக் கலைஞர் கணினியில் வரைபடம் அமைக்கின்றனர். 1984இல் வெளிவந்த ஆர்க்கிகாட், 2000இல் வெளிவந்த ரெவிட் போன்ற மென்பொருள்களில் யன்னலை வேண்டிய இடத்துக்கு நகர்த்துவதும், அதன் உயரத்தை மாற்றுவதும் நொடிப்பொழுதின் வேலை. ஆயினும் அங்கும் ஒரு நியதி உண்டு: யன்னல் சுவரைச் சார்ந்தே நிற்கும், சுவரை அழிப்பின் யன்னலும் மறையும். லய வரலாறு உணர்த்துவதும் இதுவே. சுவர் யாருடையதோ, யன்னலும் அவருடையதே.

2015ஆம் ஆண்டளவில் முன்னெடுக்கப்பட்ட தனிவீட்டுத் திட்டங்கள் ஏழு பேர்ச் காணியையும் நாற்புறம் திறந்த சுவர்களையும் முன்வைத்தன. அவற்றின் பயன் இன்னும் லயங்களில் வாழ்வோர் அனைவரையும் சென்றடையவில்லை. யன்னல் எங்கே அமைய வேண்டும் என்பதைக் குடியிருப்போரே தீர்மானிக்கும் நாளிலேயே லயத்தின் வரலாறு முற்றுப்பெறும்.