கடல் தாண்டிய வியாபாரமும் வங்கியின் வாசலும்



காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் இறக்குமதிப் பொருள் விற்காத கடை குறைவு. எமது வாவியின் இறாலும் நண்டும் வெளிநாடு போகின்றன. இத்தகைய வியாபாரத்தில் வர்த்தகர்கள் அடிக்கடி சொல்லும் சொல் எல்.சி. "சரக்கைக் கப்பலில் ஏற்றி உரிய ஆவணங்களைத் தா, பணத்துக்கு நான் பொறுப்பு" என்று, வாங்குபவரின் வங்கி முகம் தெரியாத விற்பனையாளருக்குக் கொடுக்கும் வாக்குறுதி அது. இந்த வாக்குறுதியைப் பெற இலங்கை வியாபாரி பட்ட பாடு நீண்டது.

ஆங்கிலேயர் காலத்தில் இங்கிருந்த வங்கிகள் பெரும்பாலும் தோட்டங்களுக்கும் ஐரோப்பிய ஏற்றுமதி நிறுவனங்களுக்குமே பணி செய்தன. கோப்பிச் செடியை நோய் அழித்தது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்த ஒறியன்டல் வங்கி 1884 மே மாதம் முறிந்தது. அதன் நாணயத்தாள்களைக் கையில் வைத்திருந்த மக்கள் தவித்தபோது, ஆளுநர் ஆதர் கோர்டன் அவற்றுக்கு அரசு பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அதன் பிறகே நாணயத்தாள் வெளியிடும் பொறுப்பு அரசின் கைக்கு வந்தது.

வங்கிகள் மாறின, வாசல் மாறவில்லை. இலங்கை வியாபாரி நேரே போய்க் கடன் கேட்க முடியாது. வங்கியின் சிறாப்பரான செட்டியார் பிணை நிற்க வேண்டும். அதற்கு அவருக்குத் தரகு உண்டு. வங்கியிடம் கடன் பெற்ற செட்டியார்கள் அதையே கூடிய வட்டிக்குச் சிறு வியாபாரிகளுக்குக் கொடுத்தனர். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிய, வங்கிகள் கையை இறுக்கின. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் நிலைமை இன்னும் மோசமானது.

1934இல் பொச்கானவாலா தலைமையிலான ஆணைக்குழு, அரசின் துணையுடன் உள்நாட்டு வங்கி வேண்டும் என்றது. 1939 ஓகஸ்ட் 1ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. பத்தாண்டில், 1949இல், அதற்கு லண்டனிலும் கிளை வந்தது. வெளிநாட்டு வர்த்தகத்தில் இலங்கையருக்கென்று ஒரு கதவு திறந்தது.

கதவு என்றும் திறந்தே இருக்கும் என்று நினைக்கக்கூடாது. 2022இல் டொலர் இன்றி எல்.சி திறக்க முடியாமல் கொள்கலன்கள் துறைமுகத்தில் தேங்கியதைக் கண்டோம். 1892இல் கொழும்புக்கு வந்த எச்.எஸ்.பி.சி, 2025இல் தனது சில்லறை வங்கிப் பிரிவை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்க உடன்பட்டு, பெருநிறுவனச் சேவையோடு நிற்கத் தீர்மானித்தது.

அன்று பிணையாளி கேட்டார்கள். இன்று பதிவும் கணக்கும் கேட்கிறார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமே கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம்தான். ஆகவே வாய்க்கணக்கை விட்டு எழுத்துக்கணக்குக்கு வருவோம். பழைய பற்றுச்சீட்டும் கணக்குக் கொப்பியும் வைத்திருக்கும் மூத்த வர்த்தகர்களே, அவற்றை எறிந்துவிடாதீர்கள். எமது மாணவர்களுக்கு அவை ஊரின் வரலாறு.