ஹஜ்ரத்தின் குரலும் இணையக் காணொளியின் கால் நூற்றாண்டும்



இரண்டாயிரமாம் ஆண்டுகளின் தொடக்கத்தில், சின்ன காஞ்சிபுரத்தில் தறியோசை கேட்கும் தெரு ஒன்றிலிருந்த பிரவுசிங் சென்டரில் பயான் கேட்கக் காத்திருந்த மாலைகள் நமக்கு நினைவுண்டு. பக்கம் திறக்கும், பயான் திறக்காது. இன்ன செருகுநிரலை நிறுவுக என்று திரை சொல்லும். கடைக்காரரிடம் அனுமதி பெற்று அதைப் பதிவிறக்குவதற்குள் ஒரு மணி நேரக் காசு கரைந்துவிடும். முடிவில், இந்த உலாவிக்கு அது பொருந்தாது என்ற செய்தி வரும். கணினி அறியாத நம் குறை என்றே அன்று எண்ணினோம். வரலாற்றைப் பார்த்தால் அது அப்படியன்று.

இணைய உலாவி தொடக்கத்தில் எழுத்தையும் படத்தையும் காட்டவே உருவானது. ஒலியையும் காணொளியையும் இயக்க வேறொரு மென்பொருளை அதனுள் செருக வேண்டியிருந்தது. அதுவே பிளகின் எனப்படும் செருகுநிரல். 1995இல் ரியல் ஆடியோ வந்தது. 1997இல் அதே நிறுவனம் ரியல் வீடியோவைத் தந்தது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் மீடியாவையும், ஆப்பிள் குவிக்டைமையும் முன்வைத்தன. ஒவ்வொன்றின் கோப்பு வடிவமும் வேறு. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு எழுதிய செருகுநிரல் பிற உலாவிகளில் இயங்காது. தத்தம் வடிவமே நிலைக்க வேண்டுமென்ற நிறுவனப் போட்டியின் சுமையைக் கேட்பவர்களே தாங்கினர்.

2002இல் ஃபிளாஷ் பிளேயரின் ஆறாம் பதிப்பு காணொளியையும் இயக்கத் தொடங்கியது. 2005இல் பிறந்த யூடியூப் அதைக் கொண்டே வளர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், இனி ஒன்று போதும் என்றிருந்தோம். ஆனால் 2007இல் வந்த ஐஃபோனில் ஃபிளாஷ் இல்லை. பாதுகாப்புக் குறைகள், மின்கலத்தைத் தீர்க்கும் இயல்பு, ஒரே நிறுவனத்தின் பிடி எனக் காரணங்களை அடுக்கி 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் திறந்த மடலே எழுதினார். செருகுநிரலின்றி உலாவியே காணொளியை இயக்கும் எச்டிஎம்எல்5 முறை மெல்ல வலுப்பெற்றது. 2015 ஜனவரியில் யூடியூப் அதற்கு மாறியது. 2020 டிசம்பர் 31உடன் ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. தன் வரிப் படிவங்கள் சில ஃபிளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்கென்றே தென்னாப்பிரிக்க வருவாய்த் துறை 2021 ஜனவரியில் தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று! ஓர் அரசுத் துறைக்கே அந்த நிலை என்றால், சிறு மதரஸாக்கள் வெளியிட்ட பதிவுகளை யார் மாற்றித் தருவார்?

நம் சமுதாயத்துக்கு இந்த இழப்பு புதிதன்று. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் அரபுத்தமிழில் எழுதிய நூல்கள் இன்றும் உள்ளன. மொழி தமிழ்தான், வாசித்துக் காட்டினால் பெருமளவு புரியும். ஆனால் அந்த எழுத்தைக் கற்றவர் குறைந்ததால், பேரப்பிள்ளைகளுக்கு அவை பூட்டிய பெட்டிகளாயின.

அண்மையில், மறைந்த நம் ஆசிரியர் ஒருவரின் தஃப்ஸீர் வகுப்புகள் அடங்கிய பழைய குறுந்தகடு கைக்கு வந்தது. கோப்புகள் அனைத்தும் ரியல் நிறுவனத்தின் ஆர்.எம். வடிவம். கைபேசி அவற்றை ஏற்கவில்லை. அவை முன்பு இருந்த இணையதளமும் இப்போது இல்லை. விஎல்சி என்னும் இலவச இயக்கியில் பெரும்பாலானவை ஒலித்தன. அவற்றை ஒவ்வொன்றாக எம்பி3 ஆக்கி வருகிறோம். இத்தகைய தகடுகள் உங்கள் வீட்டு அலமாரியிலும் இருக்கலாம். தகட்டைப் படிக்கும் கருவி கணினியில் உள்ளபோதே அவற்றைப் படியெடுத்துவிடுங்கள். கீறல் விழுந்த தகட்டிலிருந்து மீட்பது கடினம்.

முதற்கோப்பை ஹஜ்ரத்தின் மகனாருக்கு அனுப்பினோம். தொடக்கத்தில் வாப்பா தொண்டையைச் செருமுவதை மட்டும் மூன்று முறை கேட்டதாகச் சொன்னார். சூரா யூசுஃப் வகுப்பின் இரண்டு கோப்புகள் இன்னும் திறக்கவில்லை.