பலகை மாறினால் போதுமா? நாஞ்சில் நாட்டு விருந்தினர்களின் கதை

பெரிய ஊர்களில் உள்ள நட்சத்திர ஹோட்டல்கள் அடிக்கடி பெயர் மாற்றிக் கொள்கின்றன. சென்னையில் உள்ள கன்னிமரா ஹோட்டலையே எடுத்துக் கொள்ளுங்கள். 19ஆம் நூற்றாண்டில் முதலில் இம்பீரியல், பிறகு ஆல்பனி, அதன் பிறகு அன்றைய சென்னை கவர்னர் கன்னிமரா பிரபுவின் பெயர். 1980களில் தாஜ் குழுமத்தின் கைக்கு வந்து தாஜ் கன்னிமரா ஆனது. இடையில் சில ஆண்டுகள் விவாந்தா என்ற பெயர். பழுது பார்த்துப் புதுப்பித்து 2018இல் திறந்தபோது மறுபடியும் தாஜ் கன்னிமரா.

இப்படிப் பெயர் மாறியதும் தங்கிப் போனவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எல்லோரும் கவனிப்பார்கள். மெத்தை எப்படி, காலை டிபன் எப்படி, வரவேற்பில் சிரித்துப் பேசினார்களா, பழைய சப்ளையர்கள் இருக்கிறார்களா? ஆனால் "என்னை உள்ளே விடுவார்களா?" என்று இன்று யாரும் கேட்பதில்லை. பணம் இருந்தால் விடுவார்கள், அவ்வளவுதான்.

நூறு வருடங்களுக்கு முன்பு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் முதல் கேள்வியே அதுதான். விடுதி எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகு வருகிற விஷயம். அந்தக் கேள்வி மறைந்தது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

அம்பலமும் சுமைதாங்கியும்

தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு வட்டங்கள் சேர்ந்ததுதான் நாஞ்சில் நாடு. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிறவர்கள், சுசீந்திரத்துக்கும் குமரிக்கும் நடக்கிற யாத்திரிகர்கள், நாகர்கோவில் கோட்டாறு சந்தைக்குச் சுமை கொண்டு போகிறவர்கள் என்று எப்போதும் ஆள் நடமாட்டம் உள்ள பகுதி இது.

அந்தக் காலத்தில் ஹோட்டலும் இல்லை, லாட்ஜும் இல்லை. வழியில் கல் மண்டபங்கள் இருந்தன. அவற்றை வழியம்பலம் என்பார்கள். தலைச்சுமையை இன்னொருவர் உதவி இல்லாமல் இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் நட்டிருந்தார்கள். பிள்ளை பெறாமல் கர்ப்பிணியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழ்நாட்டின் பல பகுதிகளிலும் இருந்த வழக்கம். கோடையில் தண்ணீர்ப் பந்தலும் மோரும் உண்டு. மதுரையில் ராணி மங்கம்மாளும் தஞ்சையில் மராட்டிய அரசர்களும் கட்டிய சத்திரங்களும் இந்த மரபில் வந்தவைதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்பலத்துக்குப் போக ஒரு தெரு வேண்டும் அல்லவா? பல தெருக்களில் நடக்கவே சிலருக்கு அனுமதி இல்லை. எந்தச் சாதிக்காரர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்றுகூடக் கணக்கு வைத்திருந்த நாடு திருவிதாங்கூர். தீண்டாமை மட்டுமல்ல, பார்த்தாலே தீட்டு என்ற கொடுமையும் அங்கே இருந்தது.

ஊட்டுப்புரை: இலவசச் சாப்பாடு, ஆனால் யாருக்கு?

பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சுற்றுலா போனவர்கள் ஊட்டுப்புரையைப் பார்த்திருப்பார்கள். இரண்டு அடுக்கு உள்ள மிக நீண்ட கூடம். இரண்டு தளங்களிலும் சேர்த்து ஒரே நேரத்தில் 2000 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்வார்கள். ஊறுகாய் போட்டு வைத்த பெரிய சீனப் பரணிகளும் அங்கே உண்டு. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்த அரண்மனையில் மட்டுமல்ல, சமஸ்தானத்தின் பல ஊர்களில் அரசுச் செலவில் ஊட்டுப்புரைகள் நடந்தன. அங்கே சாப்பாடு இலவசம். ஆனால் சாப்பிட்டவர்கள் பிராமணர்கள். இதனால் திருவிதாங்கூருக்கு 'தர்ம பூமி' என்ற பெயர் கிடைத்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் பாதிரியார் 1871இல் திருவிதாங்கூரைப் பற்றி ஒரு ஆங்கில நூல் வெளியிட்டார். அதன் தலைப்புக்கும் 'தர்ம பூமி' என்றுதான் பொருள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவரே விளக்கியிருக்கிறார். தர்மம் யாருக்குக் கிடைத்தது என்பதையும் விமர்சித்திருக்கிறார்.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய வயல்களில் சேற்றில் இறங்கி நட்டவர்கள், களை பறித்தவர்கள், அறுத்தவர்கள் யார்? அந்த இலையின் முன்னால் அவர்களால் உட்கார முடிந்ததா? வரி கட்டுகிறவர் ஒருவர், விருந்து சாப்பிடுகிறவர் இன்னொருவர். ஊட்டுப்புரையின் அழகைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிழல் தாங்கல்

இதற்குப் பதில் சொன்னது அரண்மனை அல்ல, பாதிக்கப்பட்ட மக்களே. அகஸ்தீஸ்வரத்துக்கு அருகில் உள்ள சாமித்தோப்பில் வாழ்ந்தவர் அய்யா வைகுண்டர் (1809-1851). எல்லாச் சாதியினரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் குளிக்கவும் முந்திரிக்கிணறு அமைத்தார். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். கிணறும் பந்தியும் சாதாரண விஷயமாகத் தோன்றலாம். அன்றைக்கு அவை இரண்டும்தான் சாதியின் இரண்டு கோட்டைகள். திருவிதாங்கூர் அரசு அவரைச் சிறையில் அடைத்தது.

அவர் வழி வந்தவர்கள் ஊர் ஊராக ஏற்படுத்திய வழிபாட்டு இடங்களுக்கு நிழல் தாங்கல் என்று பெயர். இந்தப் பெயரே எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! அம்பலத்தில் ஒதுங்க முடியாதவனுக்கும் அங்கே நிழல் கிடைத்தது. அங்கே நடக்கும் அன்னதர்மத்தில் வந்தவரை 'நீ யார்' என்று கேட்பதில்லை. ஊட்டுப்புரையில் தர்மம் என்ற சொல் மேலிருந்து கீழே கொடுப்பதாக இருந்தது. தாங்கலில் அதே சொல் பக்கத்தில் உட்கார வைப்பதாக மாறியது.

இரண்டு பெரிய விருந்தினர்கள்

1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் பேராசிரியர் சுந்தரராம ஐயரின் வீட்டுக்கு ஒரு இளம் துறவி வந்தார். கூட வழி காட்ட வந்தவர் கொச்சி சமஸ்தானத்துச் சேவகர், ஒரு முஸ்லிம். துறவி இரண்டு நாட்களாகப் பாலைத் தவிர ஏறக்குறைய எதுவும் சாப்பிடவில்லை. அப்படி இருந்தும், தனக்கு இலை போடும் முன் கூட வந்தவருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யுங்கள் என்றுதான் அவர் முதலில் கேட்டார். இதைச் சுந்தரராம ஐயரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தத் துறவிதான் சுவாமி விவேகானந்தர். அங்கிருந்து புறப்பட்டுத்தான் அவர் கன்னியாகுமரிக்கு வந்தார். விருந்தாளியாக வந்தவரே விருந்து எப்படி இருக்க வேண்டும் என்று காட்டிய நிகழ்ச்சி இது.

அடுத்தவர் காந்தியடிகள். வைக்கம் போராட்டம் நடந்து கொண்டிருந்த 1925 மார்ச்சில் திருவிதாங்கூருக்கு வந்தார். மகாராணி அவரைச் சந்தித்துப் பேசினார். சமஸ்தானமே மரியாதை செய்த விருந்தினர். ஆனால் கன்னியாகுமரி அம்மன் கோவிலில் அவரால் சுற்றி வர மட்டுமே முடிந்தது. கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்தவர் என்பதால் உள்ளே விடவில்லை. மகாராணியைச் சந்திக்க முடிந்தவருக்கே கோவிலுக்குள் போக முடியவில்லை என்றால், ஊர்க்கோடியில் குடிசையில் இருந்தவரின் நிலை என்ன?

பலகைகள் விழுந்த காலம்

வைக்கத்தைத் தொடர்ந்து 1926இல் சுசீந்திரத்திலும் போராட்டம் தொடங்கியது. கேட்டது கோவிலுக்குள் போகும் உரிமையைக்கூட அல்ல, கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையைத்தான். கோட்டாறு டாக்டர் எம்.இ. நாயுடு இதில் முன்னணியில் நின்றார். போராட்டம் பல வருடங்கள் விட்டு விட்டு நடந்தது.

1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். 1937 ஜனவரியில் காந்தியடிகள் மறுபடியும் வந்தார். இந்த முறை கன்னியாகுமரி கோவிலுக்குள்ளேயே போனார்.

கோவில் கதவு திறந்தது. சாப்பாட்டுக் கடைக் கதவு? அதுவும் மெதுவாகத்தான் திறந்தது. அன்றைய தமிழகத்தில் ரயில் நிலைய உணவு விடுதிகளில்கூடப் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். பெரியார் இயக்கத்தினரின் நெடுநாள் எதிர்ப்புக்குப் பிறகு 1941இல் அந்தப் பிரிவினை நீங்கியது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கக் கோரி பெரியார் தொடர் போராட்டமே நடத்தினார். ஹோட்டல் பலகையில் ஒரு சொல் மாறுவதற்காகத் தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். இன்று விளம்பர நிறுவனங்கள் செய்யும் பெயர் மாற்றம் எங்கே, இது எங்கே!

இதற்கிடையில் 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியல் சட்டத்தில் ஒரு முக்கியமான வரி இடம் பெற்றது. 15ஆவது பிரிவில் கடை, உணவகம், ஹோட்டல் ஆகியவற்றுக்குள் போவதற்குச் சாதி, மதம், பால், பிறந்த இடம் காரணமாக யாரையும் தடுக்கக் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கிறது. கிணறு, குளம், சாலை பற்றியும் அதே இடத்தில் உண்டு. முந்திரிக்கிணறும் சுசீந்திரம் தெருவும் ஞாபகம் வருகிறதல்லவா? 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. ஹோட்டலிலும் தர்மசாலையிலும் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் அதன்படி குற்றம். தனிக் குவளையை மனதில் வைத்து எழுதிய சட்டம் அது. 1976இல் அந்தச் சட்டத்துக்கும் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. பெயரோடு தண்டனையும் கடுமையானது. பெயர் மாற்றம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

1956க்குப் பிறகு

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. அரசு மாறியது, அலுவலகப் பலகைகள் மாறின. சில இடங்கள் மட்டும் பழைய உறவை விடவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையே அதைப் பராமரிக்கிறது. கன்னியாகுமரியில் கேரள அரசின் விருந்தினர் மாளிகை 'கேரளா ஹவுஸ்' என்ற பெயரில் இருக்கிறது. சிறிது தூரத்தில் 'ஹோட்டல் தமிழ்நாடு'. இதை நடத்தும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971இல் தொடங்கப்பட்டது.

1970இல் விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் திறக்கப்பட்டது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து ரயில் வந்தது. 1981இல் நாகர்கோவிலும் திருநெல்வேலியும் ரயிலில் இணைந்தன. 2000 ஜனவரி 1இல் 133 அடி திருவள்ளுவர் சிலை. கூட்டம் பெருகப் பெருக லாட்ஜுகளும் பெருகின. சூரிய உதயம் பார்க்கும் மொட்டை மாடி எல்லா லாட்ஜின் விளம்பரத்திலும் இடம் பிடித்தது. வங்காளி, குஜராத்தி, மலையாளி எல்லோரும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இவர் என்ன சாதி என்று சப்ளையர் கேட்பதில்லை. 1925இல் இதை நினைத்தே பார்க்க முடியாது.

அதற்காக எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. தனியாக வரும் பெண்ணுக்கு அறை இல்லை என்று சொல்லும் லாட்ஜுகள் நம் நாட்டில் இன்னும் உண்டு. திருநங்கை என்றால் தயங்குகிறார்கள். தனிக் குவளை இருக்கும் டீக்கடைகள் பற்றிய செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வருகிறது. கண்ணாடிக் கதவு உள்ள ஹோட்டலில் உடையைப் பார்த்துக் காவலாளி நிறுத்துகிறார்.

ஆகவே அடுத்த முறை ஒரு ஹோட்டல் புதுப் பெயரோடு திறக்கும்போது, மெத்தையையும் டிபனையும் பற்றி விசாரிக்கிறவர்கள் இன்னொன்றையும் விசாரிக்கலாம். வாசலில் யாரை நிறுத்துகிறார்கள்? அந்த வாசல் வழியாக எல்லோரும் போக முடிவதற்கு நாஞ்சில் நாட்டு மக்கள் நூறு வருடங்களுக்கு மேல் போராட வேண்டியிருந்தது.